ஆழமான துளை ஏன் கோணுகிறது? சாதாரண லேத்தில் நேராகத் துளைப்பது பற்றிய இழை

கேள்வி – 4 ஜூன், மாலை 6.20

மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கத்தில் ஒரு சிறிய லேத் (கடைசல் எந்திர) பட்டறையில் வேலை செய்கிறேன். செம்பனை மில் ஒன்றுக்காக, 60 மி.மீ. விட்டமுள்ள இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) தண்டின் நடுவே 450 மி.மீ. நீளம் முழுவதும் 10 மி.மீ. துளை போட வேண்டியிருக்கிறது. தண்டு நீட்டிப் பற்றவைத்த எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டிரில்லை டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் மறுகோடியில் டிரில்லைப் பிடிக்கும் பகுதி) மாட்டித் துளைத்தால், மறுமுனையில் மையத்தைவிட்டு 2 மி.மீ.க்கு மேல் விலகி வெளியே வருகிறது. ஆழத் துளைக்கென்றே உள்ள கன்டிரில் மெஷின் இல்லாமல் இது ஆகாது என்கிறார் தவுக்கே (முதலாளி). விலை கூடிய கார்பைட் டிரில் வாங்கினால் சரியாகிவிடுமா, அண்ணன்?

4 ஜூன், இரவு 9.15

கார்பைட் வாங்கினால் கோணல் தீராது, தம்பி. விறைப்பான டிரில் கொஞ்சம் குறைவாக விலகும் என்பது உண்மைதான். ஆனால் கோணலாகத் தொடங்கிய துளைக்குள் நுழைந்தால் அதுவும் கோணலாகத்தான் போகும். எச்.எஸ்.எஸ். வளைந்து கொடுக்கும் இடத்தில் கார்பைட் முறிந்து உள்ளேயே தங்கிவிடும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

விட்டத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஆழம் போனாலே அதை ஆழத் துளை என்பார்கள். உங்களுடையது நாற்பத்தைந்து மடங்கு. அந்த ஆழத்தில் டிரில்லின் தண்டு எவ்வளவு தடித்திருந்தாலும் அது வளையும் கம்பிதான். ஆகவே முனையை வழிநடத்துவது தண்டு அன்று, முனையைச் சுற்றியுள்ள துளைச் சுவர். அந்தச் சுவரை முதல் 25, 30 மி.மீ.க்குள் நாம்தான் நேராக அமைத்துக் கொடுக்க வேண்டும். பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) அச்சு வைத்துப் போட்ட முதல் கோடு சரிந்துவிட்டால் அந்தப் பட்டை முழுவதும் வெட்டு அந்தச் சரிவிலேயே இறங்குவதைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். துளையும் அப்படித்தான் தன் வாயைப் பின்பற்றிப் போகிறது.

செய்ய வேண்டியது இது. முகத்தை முதலில் மட்டமாகக் கடைந்துகொள்ளுங்கள், நடுவில் மொட்டு எதுவும் மிஞ்சக்கூடாது. சென்டர் டிரில்லால் ஆழமான கூம்பு போட்டுவிட்டு நேரே நீள டிரில்லை விடுவதுதான் பல பட்டறைகளின் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். சென்டர் டிரில்லின் கூம்பு 60 பாகை, உங்கள் டிரில்லின் முனை 118 பாகை. ஆகவே டிரில்லின் வெளி மூலைகள் முதலில் கூம்பின் சுவரில் முட்டும், முனை அந்தரத்தில் நிற்கும், டிரில் அதிரும். டிரில்லின் கோணத்துக்குச் சமமான அல்லது அதைவிட விரிந்த கோணமுள்ள ஸ்பாட் டிரில்லால் ஒரு சிறிய குழி போட்டால் போதும். அதன் பிறகு 9.5 மி.மீ. குட்டை டிரில்லால் 30 மி.மீ. வரை துளைத்து, சிறிய போரிங் பாரால் 10.02 மி.மீ.க்கு விரியுங்கள்.

போரிங் பார் ஏன் என்று கேட்பீர்கள். டிரில்லும் ரீமரும் (துளையைச் சற்றே விரித்து மெருகேற்றும் கருவி) ஏற்கெனவே இருக்கும் துளையின் பின்னால் போகும் கருவிகள். துளை விலகியிருந்தால் அவை அதைத் திருத்தமாட்டா. போரிங் பார் ஒற்றை முனையால் வெட்டுவது, பழைய துளை எங்கே இருந்தாலும் ஸ்பிண்டில் (பொருளைச் சுழற்றும் லேத்தின் தண்டு) சுழலும் அச்சைச் சுற்றித்தான் அது வட்டம் வெட்டும். அந்த 30 மி.மீ.க்குள் உங்கள் நீள டிரில் இறுக்கமாக, ஆனால் தடையின்றி நுழைய வேண்டும். டிரில்லின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் முனைக்கு அருகில் அளந்து பாருங்கள். டிரில்கள் பின்பக்கம் சற்றே ஒடுங்கும்படி செய்யப்படுபவை, நடுவில் அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும்.

4 ஜூன், இரவு 10.05

டெயில்ஸ்டாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீணாகிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய லேத்துகள். டெயில்ஸ்டாக்கின் அடி தேய்ந்து, மையம் ஸ்பிண்டிலின் மையத்தைவிடத் தாழ்ந்திருக்கும். பக்கவாட்டு விலகலைத் திருகாணியால் திருத்தலாம், உயரத்தை அப்படித் திருத்த முடியாது. அடியில் மெல்லிய தகடு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். டயலை (ஊசியுள்ள அளவுமானி) லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கில் மாட்டி, டெயில்ஸ்டாக்கின் குழிக்குள் ஊசியை வைத்து, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். குயிலை (டெயில்ஸ்டாக்கிலிருந்து நீளும் உருளையை) உள்ளே இழுத்து ஒரு முறையும், முழுவதும் நீட்டி ஒரு முறையும் பாருங்கள், இரண்டும் வேறுபட்டால் குயிலே சரிந்து நிற்கிறது என்று பொருள்.

5 ஜூன், காலை 6.40

"லேத்தில் தண்டுதானே சுழல்கிறது, டிரில்லிங் மெஷினில் டிரில் சுழல்கிறது, இரண்டும் ஒன்றுதானே" என்று கூலிம் நண்பர் கேட்டிருக்கிறார். ஒன்றல்ல, இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

டிரில் சுழன்று பொருள் அசையாமல் நிற்கும்போது முனை ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தச் சாய்வு பொருளுக்குள் ஒரே திசையில் நிலைத்துவிடுகிறது. அதைத் திருப்ப எந்த விசையும் இல்லை, ஆழம் கூடக்கூட விலகலும் கூடும். பொருள் சுழன்று டிரில் நிற்கும்போது நிலைமை வேறு. முனை அச்சைவிட்டு விலகினால் துளையின் அடிப்பகுதி அந்த அச்சைச் சுற்றி வட்டமிடத் தொடங்கும், ஒவ்வொரு சுற்றிலும் டிரில்லை எல்லாத் திசைக்கும் மாற்றி மாற்றி வளைக்கும். டிரில்லோ தன் விறைப்பால் நிமிர முயலும். இப்படித் தள்ளுமுள்ளு நடப்பதால் முனை அச்சை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆழத் துளைக்கென்றே செய்யப்பட்ட மெஷின்களில் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுழற்றுவார்கள், அதுதான் எல்லாவற்றிலும் நேரானது. கருவி மட்டும் சுழலும் கன்டிரில் வேலையில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மி.மீ. விலகலை எதிர்பார்க்கிறார்கள், இரண்டும் சுழன்றால் அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பீரங்கி செய்தவர்கள் இதை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டிருந்தார்கள். துளைக்கு இடம் விட நடுவில் கூடு வைத்து வார்த்த பீரங்கியில் அந்தக் கூடு நகர்ந்து, துளை கோணி, சுவர் ஒரு பக்கம் மெலிந்துவிடும். அதனால் முழுக்கட்டியாக வார்த்துப் பிறகு துளைக்கும் முறை வந்தது. 1770-இல் இங்கிலாந்தின் வூல்விச் ஆலைக்கு வந்த யான் வெர்புருகன், பீரங்கியைப் படுக்கை வாட்டில் கிடத்திச் சுழலவிட்டு, வெட்டுங்கருவியைச் சுழலாமல் முன்னே தள்ளும் எந்திரத்தை அங்கே நிறுவினார். 1774-இல் ஜான் வில்கின்சன் இரும்புப் பீரங்கிகளை இப்படிக் கட்டியிலிருந்து துளைப்பதற்குக் காப்புரிமை வாங்கினார், 1779-இல் அது நீக்கப்பட்டது. உங்கள் பட்டறை லேத்தில் நடப்பதும் இதே ஏற்பாடுதான். ஆகவே லேத் இருக்கிறதென்றால் நேரான துளைக்கு வேண்டியதில் பாதி உங்களிடம் இருக்கிறது என்று தவுக்கேயிடம் சொல்லுங்கள்.

5 ஜூன், பகல் 1.10

தஞ்சாவூர்ப் பெரிய பீரங்கி எப்படித் துளைக்கப்பட்டது என்று ஒரு வாசகர் கேட்கிறார். அது துளைக்கப்பட்டதே இல்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, அடித்து இணைத்துச் செய்தது. துளையைக் குடையாமல் துளையைச் சுற்றிக் குழாயைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பெரிய வேலை, ஆனால் நம் கேள்விக்கு உதவாது.

5 ஜூன், இரவு 9.50

சீவலுக்கு வருவோம். சீவலை எடுக்கக் கொஞ்சம் துளைத்து, வெளியே இழுத்து, மறுபடி விடுவதைக் கொத்துவது என்போம். பினாங்குப் பிறையில் சி.என்.சி. (கணினி இயக்கும்) எந்திரம் ஓட்டும் நண்பர், "கொத்திக் கொத்தித் துளைப்பது பழைய பழக்கம், நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் போக வேண்டும்" என்று உறுதியாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அவருடைய கருவிக்குச் சரி. உள்ளே குளிர்நீர் பாயும் கார்பைட் டிரில்லைப் பாதியில் வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டால், அடியில் கிடக்கும் சீவலில் முனை மோதி விளிம்பு உடையும். அந்த டிரில்லுக்கு நீரின் அழுத்தமே சீவலை வெளியே தள்ளிவிடுகிறது. நம் கேள்விக்காரத் தம்பியிடம் இருப்பதோ வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றும் எச்.எஸ்.எஸ். டிரில். அதற்குக் கொத்துவதைத் தவிர வழியில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கருவியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நீட்டிய டிரில்லில் ஓர் ஆபத்து உண்டு. டிரில்லின் சுருள்வாய் (சீவல் ஏறி வரும் சுருள் வாய்க்கால்) முழுவதும் துளைக்குள் மறைந்துவிட்டால், சீவல் வெளியேற வழியே இல்லை. சுருள்வாய் முடிகிற இடத்துக்குப் பின்னால் அது பந்தாக அடைத்துக்கொள்ளும், டிரில்லை முன்னேயும் தள்ள முடியாது, பின்னேயும் இழுக்க முடியாது. ஆகவே சுருள்வாய் எந்த ஆழத்தில் மறைகிறது என்று தண்டில் வண்ணத்தால் குறியிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறிக்கு அப்பால் ஒவ்வொரு கொத்துக்கும் முழுவதும் வெளியே இழுத்து, தூரிகையால் சீவலைத் துடைத்து, எண்ணெய் தடவித்தான் மறுபடி விட வேண்டும்.

முதல் கொத்து விட்டத்தைப் போல் மூன்று மடங்கு போகலாம். அதன் பிறகு ஒரு மடங்கு, ஆழம் கூடியபின் அரை மடங்கு. உள்ளே திரும்ப விடும்போது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கையைத் தளர்த்தி, வெட்டுக்குள் மெதுவாக இறக்குங்கள். வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்தால் 10 மி.மீ. டிரில்லுக்கு ஏறக்குறைய 640 சுற்று வரும். ஆழம் கூடக்கூட அதையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

6 ஜூன், காலை 7.05

தம்பி ஒருவர் அனுப்பிய படத்தில், சுழலும் தண்டின் பக்கத்தில் துணிக் கையுறை அணிந்த கை தெரிகிறது. லேத்தில் கையுறை வேண்டாம். நீளச் சீவல் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துச் சுற்றிவிடும். சீவலை எடுக்கக் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள், சக் நின்றபிறகே எடுங்கள்.

7 ஜூன், இரவு 9.30

டிரில் தீட்டுவதைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். துளை விலகுவதற்கு, வாயமைப்பை அடுத்த முக்கியக் காரணம் இரண்டு வெட்டு விளிம்புகளும் சமமில்லாமல் இருப்பதுதான். ஒரு விளிம்பு நீண்டிருந்தால் அது கூடுதலாக வெட்டும், மற்றது சும்மா தேய்க்கும். சமமில்லாத விசை முனையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், துளையும் அளவுக்கு மேல் பெருக்கும். இன்று நாம் மாட்டுகிற சுருள் டிரில்லுக்கு அமெரிக்காவில் ஸ்டீவன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்றார். டெயில்ஸ்டாக் குழியின் மோர்ஸ் சரிவும் அவர் பெயர்தான். அந்த டிரில்லின் நடுவில் இருக்கும் உளி விளிம்பு உண்மையில் வெட்டுவதில்லை. இரும்பைப் பிசைந்து ஒதுக்குகிறது, தள்ளும் விசையில் பெரும்பங்கை அதுவே தின்கிறது. நீள டிரில் வளைவதற்கு அந்தத் தள்ளு விசைதான் காரணம் என்பதால், முனையின் நடுத்தடிப்பை மெல்லிய கல்லில் இரு பக்கமும் சமமாக மெலித்துக் கொடுத்தால் ஆழத் துளையில் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

எனக்குத் தொழில் காட்டியவர் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அவர் டிரில்லைத் தீட்டியதும் அளவுத்தகட்டில் வைத்துப் பார்ப்பார், அதோடு விடமாட்டார். ஒரு துண்டு இரும்பில் கொஞ்சம் துளைத்து, இரண்டு சுருள்வாயிலிருந்தும் வந்த சீவலை ஒவ்வொன்றாக எடுத்துக் கேரியேஜின் (வெட்டுக்கருவியைத் தாங்கி நகரும் பகுதி) மேல் அருகருகே வைப்பார். இரண்டும் ஒரே அகலம், ஒரே தடிப்பு, ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று சுருளாகவும் மற்றது தூளாகவும் இருந்தால், ஒன்றும் பேசாமல் டிரில்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார், கல்லுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். துளைக்கும்போது அவருடைய இடக்கை டெயில்ஸ்டாக்கின் மேல் கிடக்கும். அதிர்வு மாறியதும் வலக்கை சக்கரத்தைப் பின்னே திருப்பிவிடும், காதுக்குக் கீச்சென்ற ஒலி எட்டுவதற்கு முன்பே.

8 ஜூன், இரவு 10.20

அதே பெரியவரிடம் கண்டதுதான் டி-பிட் என்ற அரைவட்ட முனைத் துளைக்கருவி. கன்டிரில் மெஷின் இல்லாத பட்டறைக்கு இதைவிட நல்ல கருவியை நான் சொல்லமாட்டேன், ஏனெனில் இதை நாமே செய்துகொள்ளலாம்.

சில்வர் ஸ்டீல் (கருவி செய்யும் எஃகு) கம்பியைத் துளையின் இறுதி அளவுக்குக் கடைந்து மெருகேற்றுங்கள். முனையில் விட்டத்தைப் போல் நான்கைந்து மடங்கு நீளத்துக்கு, குறுக்குவெட்டு அரைவட்டமாகத் தெரியும்படி பாதியை மில்லிங்கிலோ அரத்திலோ எடுத்துவிடுங்கள். சரிபாதியைவிட ஒரு மயிரிழை கூடுதலாக விட வேண்டும். அதற்குக் கீழே போனால் பிட் துளைக்குள் ஆடும், துளை பெருக்கும். முன்முகத்தில் வெட்டு விளிம்புக்குப் பின்னால் சில பாகை சரிவு கொடுங்கள். பிறகு செர்ரிச் சிவப்பு வரும்வரை காய்ச்சி நீரில் தோய்த்து, மெருகேற்றி, வெளிர் வைக்கோல் நிறம் வரும்வரை, அதாவது ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ் வரை, மறுபடி மெதுவாகச் சூடாக்கி இறுக்கத்தைச் சற்றே தளர்த்துங்கள். வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் தீட்டினால் வேலைக்குத் தயார்.

டி-பிட் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுகிறது. வெட்டும் விசை அதன் அரைவட்ட முதுகைத் துளைச் சுவரோடு அழுத்துகிறது, அந்த முதுகு முழு நீளத்துக்கும் சுவரில் சாய்ந்தபடி போவதால், போரிங் பாரால் அமைத்த வாய் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதே திசையில் போகும். ஆகவே 9.5 மி.மீ. டிரில்லால் 40, 50 மி.மீ. முன்னே துளைப்பது, பிறகு டி-பிட்டை அந்த ஆழத்துக்கு ஓட்டுவது, மறுபடி டிரில் என்று மாற்றி மாற்றிப் போகலாம். டிரில் சற்றே விலகினாலும், பின்னால் வரும் டி-பிட் அந்த விலகலைச் சீவி எடுத்து அடுத்த கட்டத்துக்கு நேரான வாயை மீண்டும் அமைத்துக் கொடுக்கும். பொறுமை வேண்டிய வேலைதான். டி-பிட்டுக்குச் சீவலை வெளியே கொண்டுவரும் சுருள்வாய் கிடையாது, ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் இழுத்துத் துடைக்க வேண்டும்.

9 ஜூன், பகல் 3.15

டி-பிட்டின் வயிற்றில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியே அழுத்தத்தோடு எண்ணெயைச் செலுத்தினால் கிடைப்பது கன்டிரில். பெயர் சொல்வதுபோல் துப்பாக்கிக் குழலுக்காக உருவானதுதான். நீண்ட எஃகுத் தண்டில் வி வடிவ வாய்க்கால் ஓடும், முனையில் கார்பைட் தலை, அதில் ஒரே ஒரு வெட்டு விளிம்பு, எதிர்ப்பக்கத்தில் சுவரைத் தாங்கும் திண்டுகள். எண்ணெய் தண்டின் உள்ளே போய், சீவலை அள்ளிக்கொண்டு வெளி வாய்க்கால் வழியே திரும்பும். தாங்கு திண்டுகள் சுவரை அழுத்தித் தேய்ப்பதால் துளை மெருகேறியே வெளியே வருகிறது. துளை சிறுக்கச் சிறுக்க எண்ணெயின் அழுத்தம் கூட வேண்டும், துளை பெருக்கப் பெருக்க அளவு கூட வேண்டும்.

சி.என்.சி. மில்லிங்கில் கன்டிரில் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. துளைக்கு வெளியே அதை முழு வேகத்தில் சுழற்றாதீர்கள். தாங்குசுவர் இல்லாத நீளத் தண்டு சாட்டையாக வீசி முறிந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. முன்துளைக்குள் மிக மெதுவாக நுழைத்து, அடிக்குச் சற்று முன் நிறுத்தி, எண்ணெயைத் திறந்து, பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வெளியே எடுக்கும்போதும் வேகத்தைக் குறைத்த பிறகே எடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய துளைகளுக்கு, ஏறக்குறைய 16 மி.மீ.க்கு மேல், பி.டி.ஏ. முறை உண்டு. அங்கே எண்ணெய் குழாய்க்கு வெளியே போய், சீவலைக் குழாயின் உள்ளே கொண்டுவருகிறது. சீவல் முடிந்த சுவரைத் தொடுவதே இல்லை என்பதால் ஹைட்ராலிக் சிலிண்டர்களுக்கு அது ஏற்றது.

9 ஜூன், இரவு 9.00

பிறை நண்பர் பிளாஸ்டிக் அச்சுகளின் குளிர்நீர்த் துளைகளைப் பற்றிச் சேர்த்திருக்கிறார், அவருக்கு நன்றி. பி20 எஃகுக் கட்டியில் ஒரு நீர்த்துளை விலகினால், பக்கத்தில் எஜெக்டர் பின் (அச்சிலிருந்து பொருளைத் தள்ளி எடுக்கும் கம்பி) போகும் துளையில் போய் உடைத்துக்கொள்ளும். அச்சு முழுவதும் செதுக்கி முடித்த பிறகு நீர் கசிவது தெரியவந்தால், அத்தனை நாள் உழைப்பும் கேள்விக்குறியாகிவிடும். அதனால்தான் நீர்த்துளைகளை முன்கூட்டியே, கட்டி இன்னும் கட்டியாக இருக்கும்போதே துளைத்துவிடுகிறார்கள். இரண்டு துளைகள் குறுக்கிடும் இடத்தில் முனைக்கு ஒரு பக்கச் சுவர் இல்லாமல் போகும் என்பதால், அந்த இடத்தை அடையும் முன்பே தள்ளுவேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

10 ஜூன், காலை 8.30

முன்கூட்டியே துளைப்பது என்று நேற்று எழுதியபோதுதான், நம் தம்பியின் தண்டுக்கும் இதையே முதலில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. 60 மி.மீ. தண்டை முழுதாகக் கடைந்து முடித்துவிட்டு நடுவில் துளை போடுவதால்தான் இத்தனை கவலை. வரிசையை மாற்றுங்கள். 65 மி.மீ. கம்பியை எடுத்து, மேல்தோலைச் சற்றே கடைந்து, முதலில் துளையைப் போடுங்கள். பிறகு துளையின் இரு வாயிலும் 60 பாகைக் கூம்பு வெட்டி, இரண்டு சென்டர்களுக்கு (கூர்முனைத் தாங்கிகளுக்கு) நடுவே தண்டை ஏற்றி, வெளிப்புறத்தைக் கடையுங்கள். அப்போது வெளிப்புறம் துளையோடு ஒன்றிப்போகும். மறுமுனையில் 1 மி.மீ. விலகியிருந்தாலும் அது வெளித்தெரியாமல் மறைந்துவிடும், ஏனெனில் தண்டின் அச்சையே துளையின் இரு வாய்களும்தான் தீர்மானிக்கின்றன.

நடுவில் துளை வில்லாக வளைந்திருந்தால் அதை இந்த வித்தை திருத்தாது. கிரீஸ் போவதற்கும் நீர் ஓடுவதற்கும் அந்த வளைவு பொருட்டில்லை. உள்ளே நீளக் கம்பி ஒன்று உரசாமல் சுழல வேண்டுமென்றால் பொருட்டுதான்.

11 ஜூன், மாலை 5.45

இரண்டு முனையிலிருந்தும் பாதிப் பாதி துளைப்பது சரியா என்று பலரும் கேட்கிறார்கள். ஆழம் பாதியாகிறது, விலகல் பாதிக்கும் கீழே இறங்குகிறது, நடுவில் மட்டும் ஒரு படி விழுகிறது. நீருக்கும் எண்ணெய்க்கும் இது தாராளமாகப் போதும். தண்டைத் திருப்பிப் பிடிக்கும்போது நான்கு தாடைச் சக்கில் டயல் வைத்து மையம் பார்க்க வேண்டும், மூன்று தாடைச் சக்கை நம்பக்கூடாது.

இது மிகப் பழைய முறை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் சூதுபவளம், பளிங்கு போன்ற கற்களை மணியாக்கியிருக்கிறார்கள். நீண்ட கல்மணிகளைத் துளைத்தவர்கள் இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவிட்டார்கள், உடைந்த மணிகளில் அந்தச் சந்திப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் மணிகள் கிடைத்திருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போகும் பட்டறைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

13 ஜூன், இரவு 8.40

304 எவர்சில்வரில் இதே துளை வேண்டும் என்று உணவு ஆலைக்கு வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்கிறார். அங்கே எதிரி வேறு. 304 தேய்த்தால் கெட்டியாகும் உலோகம். டிரில் வெட்டாமல் அடியில் நின்று சுற்றினாலே அந்த இடம் இறுகிவிடும், அடுத்த கொத்தில் விளிம்பு மழுங்கும், மழுங்கிய விளிம்பு இன்னும் தேய்க்கும். ஆகவே வேகத்தை நிமிடத்துக்குப் 10, 12 மீட்டருக்குக் குறைத்து, தள்ளுவதைத் தளரவிடாமல் உறுதியாகத் தள்ளுங்கள் அக்கா. வெளியே இழுக்க முடிவெடுத்தால் தயங்காமல் சட்டென்று இழுங்கள். 135 பாகை முனையுள்ள கோபால்ட் டிரில் நல்லது. தண்ணீரில் கலக்கும் எண்ணெயைக் கெட்டியாகக் கலந்துகொள்ளுங்கள், வெட்டெண்ணெய் கிடைத்தால் அதுவே மேல். நம் வெயிலில், நீண்ட விடுமுறைக்கு லேத்தை மூடிப்போட்டுவிட்டு வந்தால் கலந்த எண்ணெய் புளித்து நாறும். மேலே மிதக்கும் கழிவெண்ணெயை அவ்வப்போது வழித்தெடுத்தால் அது தள்ளிப்போகும்.

15 ஜூன், இரவு 10.10

நம் தம்பி எழுதியிருக்கிறார். டெயில்ஸ்டாக்கின் அடியில் தகடு வைத்து உயர்த்தி, போரிங் பாரால் வாய் அமைத்து, ஒரே முனையிலிருந்து துளைத்ததில் மறுமுனை 0.4 மி.மீ. விலகலில் வந்திருக்கிறது, வெளிப்புறத்தை இன்னும் இறுதி அளவுக்குக் கடையவில்லை. அந்தப் பழைய லேத்துக்கு இது மிக நல்ல வேலை, தம்பி. மனதாரச் சொல்கிறேன்.

நடுவில் என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். தண்டின் ஒரு வாயில் விளக்கை வைத்து மறு வாயில் கண்ணை வைத்தால், சுவரில் ஒளியும் நிழலும் வளையம் வளையமாகத் தெரியும். வளையங்கள் ஒரு மையத்தைச் சுற்றி ஒழுங்காக அடங்கினால் துளை நேர். ஒரு பக்கம் ஒதுங்கினால் அங்கே வளைவு. துப்பாக்கிக் குழலை நிமிர்த்தியவர்கள் இந்த நிழலைப் பார்த்தே அடித்து நிமிர்த்தினார்கள். எண் வேண்டுமென்றால், சுவர்த் தடிப்பை ஒலியலையால் அளக்கும் கருவியைக் கொதிகலன் சோதிப்பவர்களிடம் இரவல் கேட்கலாம், மில்லிலேயே ஒன்று இருக்கக்கூடும். தண்டின் நீளத்தில் ஐந்தாறு இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் காற்பங்குச் சுற்று இடைவெளியில் நான்கு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கத் தடிப்புகளின் வித்தியாசத்தில் பாதிதான் அந்த இடத்தின் விலகல். இதை வெளிப்புறத்தை இறுதி அளவுக்குக் கடைவதற்கு முன்பே செய்யுங்கள், ஆனால் மேல்தோலையாவது வட்டமாகக் கடைந்திருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். நடுவில் விலகல் 0.5 மி.மீ.க்குள் இருந்தால் கிரீஸ் போகும் தண்டுக்கு நான் தயங்காமல் மேலே கடையச் சொல்வேன். அதற்கு மேல் இருந்தால் எண்களை இங்கேயே போடுங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.